ஓடினான், ஓடினார்

1

ஆறாம் வகுப்புப் பிள்ளைகளே,

மைசூரிலிருந்து அந்தோணி மாமா எழுதுகிறேன். உங்கள் இருபத்தேழு கடிதங்களும் ஒரே உறைக்குள் வந்து சேர்ந்து ஐந்து வாரம் ஆகிறது. பதில் எழுத இத்தனை நாள் எடுத்துக்கொண்டதற்கு மன்னிக்க வேண்டும். சோம்பேறித்தனம் இல்லை. உங்களில் ஒருத்தி கேட்ட கேள்விதான் காரணம்.

இருபத்தாறு பேர், "கதை மிகவும் நன்றாக இருந்தது. கடமையே பெரிது என்று தெரிந்துகொண்டோம்" என்று எழுதியிருந்தீர்கள். எல்லாவற்றிலும் ஒரே வரி. ஐயா கரும்பலகையில் எழுதிப் போட்டிருப்பார். நான் அதே பள்ளியில் எட்டாவது வரை படித்தவன், எனக்குத் தெரியாதா. ஆனால் கோகிலா என்ற பிள்ளை மட்டும் கரும்பலகையைப் பார்க்கவில்லை போலிருக்கிறது. அவள் எழுதியது இது:

"மாமா, கம்பவுண்டர் ஓடிப்போனது உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்கள் பார்த்தீர்களா? எனக்கு அவர் ஓடிய இடம்தான் பிடித்திருக்கிறது. மற்ற கதையில் பெரிய ஆட்கள் யாரும் பயப்படுவதே இல்லை."

அந்தக் கடிதத்தைக் காலண்டர் ஆணியில் குத்தி வைத்தேன். தினமும் அதைத் தாண்டித்தான் அடுப்படிக்குப் போக வேண்டும்.

2

ஓமலூரில் பஸ் ஏறினால் பகலுக்குள் வந்துவிடலாம், மைசூர் என்ன வெளிநாடா என்று கேட்பீர்கள். பாஸ்போர்ட் வேண்டாம்தான். ஆனால் இருபத்து மூன்று வருஷத்துக்கு முன் நான் இங்கே வந்து இறங்கியபோது கடைப்பெயர் ஒன்றைக்கூடப் படிக்க முடியவில்லை. ஜிலேபியை வரிசையாக அடுக்கி வைத்தது போல எழுத்து. கண் தெரிந்தும் படிக்கத் தெரியாதவனாக ஆறு மாதம் திரிந்தேன்.

பால் வண்டி ஓட்டுகிறேன். விடியுமுன் கிளம்பினால் மண்டி மொஹல்லா சந்துகளில் போட்டு முடித்து, நஞ்சன்கூடு ரோட்டுக் கடைகளுக்கும் போட்டுவிட்டு, ஒன்பது மணிக்கு வீடு. அதற்குப் பிறகு நாள் முழுக்க நானும் நாலு சுவரும்தான். என் மனைவி லூர்து இறந்து நாலு வருஷம் ஆகிறது. மகள் ஜெசி மங்களூரில் நர்சிங் படிக்கிறாள். அரை லிட்டர் பாக்கெட்டை ஒரு ஆளால் தீர்க்க முடிவதில்லை. பால் வண்டிக்காரன் வீட்டில் பால் திரிகிறது.

ஜெசிக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அதற்கும் ஒரு கதை உண்டு. ஆறு வயதில் ஓமலூருக்கு ஒரு கல்யாணத்துக்குக் கூட்டிவந்திருந்தோம். பந்தி நடந்துகொண்டிருக்கிறது. இவள் என் அக்காவிடம் ஓடிப்போய், "அத்தே, என் கவுனுக்குப் பின்னாடி குண்டி பிஞ்சு போச்சு, தெச்சுக் குடுங்க" என்றாள். கன்னடத்தில் பொத்தானுக்குக் குண்டி என்று பெயர். நீங்கள் இப்போது சிரிப்பது எனக்குக் கேட்கிறது. அன்றைக்குப் பந்தியே சிரித்தது. மாப்பிள்ளை வீட்டார் சோற்றை வைத்துவிட்டுச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் என்னைத்தான் பார்த்தாள். அதற்கப்புறம் ஓமலூரில் அவள் வாய் திறக்கவில்லை. அடுத்த வருஷம் பள்ளிக்கூடப் படிவத்தில் தாய்மொழி என்ற இடத்தில் அவளே கன்னடம் என்று எழுதிவிட்டாள்.

அதனால்தான் நான் கதை எழுதுவது வீட்டில் யாருக்காகவும் இல்லை. உங்களுக்கு அனுப்புகிறேன். இங்கே தமிழ்ப் பூசைக்கு வருகிற குடும்பங்களின் விழா மலரில் போடுகிறார்கள். அவ்வளவுதான் என் வாசகர்கள்.

3

கம்பவுண்டர் கதை எப்படி வந்தது என்று சொல்கிறேன்.

நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். அதற்கு முந்தின வாரமே போய் லூர்துவின் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்துவிடுவேன். போன வருஷம் வாளியில் சுண்ணாம்பு மிச்சமிருந்தது. பக்கத்தில் பாசி பிடித்த பழைய கல் ஒன்று, பூ வைத்த அடையாளமே இல்லை. அதற்கும் அடிக்கலாம் என்று தேய்த்தேன். தமிழ் எழுத்து வந்தது. "சவரிமுத்து, கம்பவுண்டர். நோயாளிகளை விட்டு நீங்காதவர்."

காவலாளியைக் கேட்டேன். "அந்தக் காலத்துல பிளேக்கு வந்து ஊரே வெளியில கொட்டாய் போட்டுக்கிட்டுப் போயிடுச்சாம். இந்த ஆளு மட்டும் ஆஸ்பத்திரியத் தொறந்து வெச்சிக்கிட்டு இங்கயே இருந்தாராம். அவ்ளோதான் தெரியும்" என்றார்.

அந்த இரண்டு வரியை வைத்துக்கொண்டு எட்டுப் பக்கம் எழுதினேன். நீங்கள் படித்ததுதான். ஊர் காலியாகிறது. நோயாளிகள் பன்னிரண்டு பேர் பாயில் கிடக்கிறார்கள். ஒரு நாள் காலை சவரிமுத்து தண்ணீர் எடுக்கக் குடத்தோடு வெளியே வருகிறான், குடத்தைக் கிணற்றடியில் வைக்கிறான், ஓடுகிறான். நஞ்சன்கூடு வரை ஓடிக் கபிலா ஆற்றில் முழங்கால் ஆழத்தில் நிற்கிறான். பிறகு திரும்பி வருகிறான். "ஏன் நனைந்திருக்கிறாய்?" என்று ஒரு கிழவர் பாயிலிருந்து கேட்கிறார். "மழை" என்கிறான். பன்னிரண்டு பேரும் உயிரோடு இருக்கிறார்கள். அதன்பின் அவன் யாரையும் விட்டு நீங்கவில்லை.

கல்லில் இருப்பதற்கு எதிராக எழுதுகிறோமே என்று அப்போது தோன்றவில்லை. கதை என்றால் நடுவில் ஒரு பள்ளம் வேண்டும், அப்போதுதான் மேடு தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

4

உங்கள் கடிதங்கள் வந்த அதே வாரம் ஸ்டெல்லா மிஸ் வந்தார். ஓய்வு பெற்ற கன்னட டீச்சர். கோவிலில் பார்த்திருக்கிறேன், பேசியதில்லை. மாடிப்படி ஏறிய மூச்சு அடங்குமுன்னே பையிலிருந்து விழா மலரை எடுத்தார்.

"நீங்கதான ஆ கம்பவுண்டர் கதை எழுதினது?"

"ஆமாங்க மிஸ். உட்காருங்க. தண்ணி?"

"தண்ணி அப்புறம். சவரிமுத்து எங்க முத்தாத்தா. தாத்தாவோட அப்பா."

எனக்குக் கை நீட்டத் தெரியவில்லை, கும்பிடத் தெரியவில்லை. எழுதும்போது அவருக்கு ஒரு வீடு இருக்கும், அந்த வீட்டில் இன்றைக்கும் ஒரு ஆள் இருக்கும் என்று நான் யோசிக்கவே இல்லை.

"எனக்குத் தமிழ் ஜபப் புஸ்தகத்துல வந்ததுதான். விரல் வெச்சு மெதுவா ஓதினேன். மூணு நாள் ஆச்சு. இங்க பாருங்க." பென்சிலால் கோடு போட்டிருந்த இடத்தைக் காட்டினார். "'சவரிமுத்து ஓடினான்.' ஓடினான்! மொதல்ல அவரு ஓடல. ஓடியிருந்தாலும் மரியாதையா ஓடியிருக்க மாட்டாரா?"

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"தமிழ்க் கதையில அப்படித்தான் மிஸ். ராஜாவையே 'அவன்'னுதான் எழுதுவோம்."

"ராஜாவோட பேத்தி உங்க மாடி ஏறி வர மாட்டா. நான் வந்திருக்கேன்." மலரை மூடினார். "பெரியவங்க சொல்லிக் கேட்டு, சண்டே கிளாஸ் பசங்க இப்ப எங்க வீட்டை என்னன்னு கூப்பிடுறாங்க தெரியுமா? 'ஓடிப்போன கம்பவுண்டர் மனெ'. நேத்து ஒருத்தன் அவரு கல்லுமேல தன் செருப்பைக் கழட்டி வெச்சு, 'தாத்தா, ஓடறதுக்கு இட்டுக்கோ'ன்னு சொல்றான். நூறு வருஷமா பூ வெக்கல, நம்ம தப்புதான், ஒப்புக்கறேன். ஆனா செருப்பு யாரும் வெக்கல சார்."

நான் போய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன். அவர் தொடவில்லை.

"அவரு ஓடினாருன்னு உங்களுக்கு யாரு ஹேளினாங்க?"

அதே கேள்வி. காலண்டர் ஆணியில் கோகிலாவின் கடிதம் ஆடிக்கொண்டிருந்தது.

"யாரும் சொல்லல மிஸ். கதைக்காக..."

"கதைக்காக." அந்தச் சொல்லைக் கீழே வைப்பது போலச் சொன்னார். எழுந்தார். "பெரிசா ஒண்ணும் வேணாம். ரெண்டாம் தேதிக்கு ஒரு மாத்து. ஒரே ஒரு மாத்து போதும் சார்."

ஒரே ஒரு மாற்றம்தானா என்று எனக்கு உயிர் வந்தது. மிச்சமிருந்த நாற்பது மலர்களையும் கோவிலிலிருந்து வாங்கி வந்தேன். ஒவ்வொன்றிலும் பத்தொன்பது இடத்தில் 'ன்' இருந்தது. பேனாவால் எல்லாவற்றையும் 'ர்' ஆக்கினேன். ஓடினார். நின்றார். திரும்பினார். நாலு நாள் ஆனது. விரல் வீங்கிவிட்டது. ஒரு கட்டு எடுத்துக்கொண்டு மிஸ் வீட்டுக்குப் போய், "மாத்திட்டேன் மிஸ்" என்று நீட்டினேன்.

அவர் புரட்டிப் பார்த்தார். மறுபடி புரட்டினார். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"ஐயோ தேவரே! மாத்து சார், மாத்து! வாயால ஆடற மாத்து! ரெண்டாம் தேதி எல்லாரும் கல்லறைக்கு வருவாங்க அல்லவா, அங்க நின்னு ஒரு மாத்து சொல்லுங்கன்னு கேட்டேன்!"

கன்னடத்தில் மாத்து என்றால் பேச்சு, சொல். இது எனக்குத் தெரியாததா? தினமும் கேட்கிற வார்த்தை. ஆனால் அவர் தமிழில் பேசுகிறார் என்று நான் காதைத் தமிழுக்கு வைத்திருந்தேன்.

அவருக்கு முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, நான் திருத்திய பக்கத்தைத் தட்டினார். "இப்ப மரியாதையா ஓடுறாரு. அவ்ளோதான்."

5

ஒரு சொல். "கற்பனை" என்று சொன்னால் போதும். வண்டி ஓட்டும்போது சொல்லிப் பார்ப்பேன். "ஐயா, அம்மா, அந்தக் கதை என் கற்பனை." நஞ்சன்கூடு ரோட்டில் அதைச் சொல்லும்போது மட்டும் தொண்டையில் நிற்கும்.

தசரா லீவுக்கு ஜெசி இரண்டு நாள் வந்தாள். வந்ததும், "அப்பா, ஊட்டா ஆய்த்தா?" என்று சாப்பாட்டைக் கேட்டாள். பிறகு போனை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். எப்போதும் அப்படித்தான். நாலு வருஷமாக நாங்கள் சாப்பாடு, பஸ், பரீட்சை மூன்றையும் தவிர வேறு பேசியதில்லை. அம்மாவின் கல்லறைக்கு அவள் தனியாகப் போவாள். என்னோடு வந்ததில்லை.

"ஒரு கதைனால சண்டை வந்திருக்கு" என்று ஸ்டெல்லா மிஸ் விஷயத்தைச் சொன்னேன். 'மாத்து' கதைக்குச் சிரித்தாள். "அப்பா நீங்க சரியான ஆளு. நாப்பது புக்குமா? படிங்க பார்க்கலாம். அப்படி என்ன எழுதிட்டீங்க?"

என் கதையை அவள் கேட்பது அதுதான் முதல் தடவை. மெதுவாக வாசித்தேன். குடம், கிணற்றடி, ஓட்டம் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டு போனில் எதையோ தள்ளிக்கொண்டிருந்தாள். "முழங்கால் ஆழத்தில் நின்றார்" என்று வாசித்தபோது விரல் நின்றது. "மழை" என்று வாசித்தபோது போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"அப்பா. இது கம்பவுண்டர் இல்ல."

நான் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அன்னிக்கு நீங்க வீட்டுக்கு வந்தப்ப பேன்ட் முட்டி வரைக்கும் ஈரம். ஏன்ப்பானு கேட்டேன். மழைன்னீங்க. நான் மாடியில துணி காயப் போட்டுட்டு வந்து நிக்கிறேன்."

"நீ அப்பவே கேட்டிருக்கலாமேம்மா."

"கேட்டேன். மழைன்னு சொன்னீங்க."

எழுந்து போய் அடுப்பில் பாலை வைத்தாள். பால் பொங்கி வழிகிற வரை அங்கேயே முதுகைக் காட்டி நின்றாள்.

6

பிள்ளைகளே, உங்களுக்குச் சொல்கிற விஷயமா என்று பல தடவை யோசித்தேன். கதையை உங்களுக்குத்தானே சொன்னேன், இதையும் உங்களுக்குத்தான் சொல்ல வேண்டும்.

கொரோனாவின் இரண்டாவது வருஷம். லூர்துவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தது. ஆள் பற்றாக்குறை. கூட ஒருவர் இருக்கலாம், ஆனால் உள்ளே வந்தால் வெளியே விட மாட்டோம் என்றார்கள். அவள் போனில் பேசினாள். மார்டள்ளி கிராமத்துக்காரி, எதையும் சுருக்கமாகத்தான் கேட்பாள். "ரெண்டே நாளு வந்து கூட இருங்க. எனக்கு இங்க தனியா இருக்கப் பயமா இருக்குதுங்க." நான், "ஃபிளாஸ்க்ல சுடுதண்ணி வாங்கிட்டு வந்துடறேன்" என்றேன்.

கடையில் ஃபிளாஸ்க்கை வைத்தேன். பால் வண்டிக்கு அனுமதிச் சீட்டு இருந்தது, யாரும் நிறுத்தவில்லை. வண்டி பழகிய ரோட்டில் தானாகப் போனது என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். வண்டி எங்கேயும் தானாகப் போகாது. நஞ்சன்கூட்டில் ஆற்றில் இறங்கினேன். ஏன் இறங்கினேன் என்று இன்றைக்கும் தெரியாது. வெயில். ஒரு சனம் இல்லை. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

திரும்பி வந்தபோது அவளைத் தீவிர சிகிச்சைக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே யாருக்கும் அனுமதி இல்லை. மூன்றாம் நாள் எல்லாம் முடிந்தது. இறப்புச் சான்றிதழில் லூர்து என்பதைக் கன்னடத்தில் தப்பாக எழுதிவிட்டார்கள், திருத்த நாலு தடவை அலைந்தேன். அந்தப் படிவத்தில் 'தகவல் கொடுப்பவர்' என்று ஓர் இடம் இருந்தது. என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நாலு தடவையும்.

கதையில் சவரிமுத்துவை நான் சரியான நேரத்துக்குத் திரும்பி வர வைத்தேன். அவர் வருவதற்குள் யாரையும் இடம் மாற்றிவிடவில்லை. பன்னிரண்டு பேரும் காத்திருந்தார்கள். என்னால் முடியாததை ஒரு கல்லறைக்காரர் பெயரில் முடித்துக்கொண்டேன். ஓட்டத்தை மட்டும் அவருக்குக் கொடுத்துவிட்டேன். அவர் எழுந்து வந்து இல்லை என்று சொல்லப்போகிறாரா என்ன. அவர் வரவில்லை, கொள்ளுப்பேத்தி வந்தார்.

"கற்பனை" என்ற சொல் ஏன் தொண்டையில் நின்றது என்று இப்போது உங்களுக்குப் புரியும். அது கற்பனை இல்லை.

7

இரண்டாம் தேதி டூட்டி என்று ஜெசி சொல்லியிருந்தாள். நான் தனியாகத்தான் போனேன். மெழுகுவர்த்தி, சாமந்தி, நல்ல கூட்டம். பங்குச் சாமியார் கல்லறைகளை மந்திரித்துக்கொண்டு வரிசையாக வந்தார். எங்கள் வரிசைக்கு வந்ததும் ஸ்டெல்லா மிஸ் சத்தமாகச் சொன்னார்: "அந்தோணி சார் ஒரு மாத்து சொல்லணுமாம்."

எல்லோரும் நின்றார்கள். சண்டே கிளாஸ் பையன்கள் முன்னால் வந்தார்கள். செருப்பு வைத்தவன் எவன் என்று எனக்குத் தெரியாது.

"சவரிமுத்து கம்பவுண்டர் ஓடல" என்றேன். "கல்லுல இருக்கறதுதான் நிஜம். ஓடினது நான். என் சம்சாரத்தை ஆஸ்பத்திரியில விட்டுட்டு நான் ஓடினேன். அதை இவர் பேர்ல எழுதிட்டேன்."

பெரியவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். பையன்களுக்குத் தமிழ் அவ்வளவு பிடிபடாது, ஒருவன் மற்றவனை "ஏனந்தே, ஏனந்தே?" என்று இடித்தான். என்னவாம், என்னவாம். அதைக் கன்னடத்தில் மறுபடி ஒரு தடவை சொல்ல எனக்குத் தெம்பு இல்லை.

கூட்டத்தின் பின்னாலிருந்து குரல் வந்தது. "ஓடித்து நம்மப்பா." ஓடினது எங்க அப்பா. தோளில் பஸ் பையோடு ஜெசி நின்றிருந்தாள். கொஞ்சம் நிறுத்தி, "வாபஸ் பந்த்ரு" என்றாள். திரும்பி வந்தார். 'பந்த' என்றாலும் அர்த்தம் அதுதான். 'வந்தான்' என்று ஆகும். 'பந்த்ரு' என்றாள்.

சாமியார் இரண்டு கல்லுக்கும் தீர்த்தம் தெளித்துவிட்டு நகர்ந்தார். ஸ்டெல்லா மிஸ் முந்தானையால் சவரிமுத்துவின் கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. "ஒரு மாத்து கேட்டேன்" என்றார். "எரடு ஆய்த்து." இரண்டு ஆகிவிட்டது.

ஜெசி அம்மாவுக்குப் பூ வைத்தாள். என் பக்கத்தில்தான் நின்றாள். மத்தியான பஸ்ஸுக்கு மங்களூர் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. சாப்பாடு, பஸ், பரீட்சை. வைப்பதற்கு முன், "அங்க ஆறு ஆழமாப்பா?" என்று கேட்டாள். இல்லம்மா, முட்டி வரைக்கும்தான் என்றேன். ம் என்றாள். வைத்துவிட்டாள்.

8

ஆக, கோகிலா, நீ கேட்டதற்குப் பதில். எப்படித் தெரியும் என்றால், நான் அங்கே இருந்தேன். பார்த்தீர்களா என்று கேட்டாய். என்னைத் தவிர வேறு யாரும் பார்க்கவில்லை.

ஓடிய இடம் உனக்குப் பிடித்திருக்கிறது என்று எழுதியிருந்தாய். அதை நான் எடுக்கப்போவதில்லை. ஆனால் உங்களிடம் இருக்கிற இருபத்தேழு பிரதிகளிலும் ஒரு திருத்தம் செய்ய வேண்டும். பென்சில் வேண்டாம், பேனாவால் செய்யுங்கள். ஐயா திட்டினால் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

ஐந்தாம் பக்கம், மேலிருந்து மூன்றாவது வரி. "சவரிமுத்து ஓடினான்" என்று இருக்கும். பெயரை அடித்துவிடுங்கள். 'ஓடினான்' வேண்டாம், 'ஓடினார்' என்றும் திருத்த வேண்டாம். 'ஓடினேன்' என்று எழுதுங்கள். ஆறாம் பக்கத்தில் ஆற்றில் நிற்பதும் அப்படியே, 'நின்றேன்'. திரும்பி வருவதையும் 'வந்தேன்' என்று மாற்றிக்கொள்ளலாம். என் மகள் அப்படிச் சொல்லிவிட்டாள்.

ஏழாம் பக்கத்தில் கிழவர் கேட்கிற இடத்தில் ஒரே ஒரு சொல் தனியாக நிற்கும். அதையும் அடித்துவிடுங்கள். அன்றைக்கு மழை பெய்யவில்லை.